கேயாஸா, பழுதா? ஆடும் பட்டியில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் உயர்தரப் பிள்ளைகள் சிலரும், அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் இரண்டு மூன்று பேரும் வந்து கூடுகிற ஒரு சின்ன அறை எங்களுக்கு இருக்கிறது. அங்கே மேசையில் ஆடிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புப் பட்டியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஒரு கிழமை ஒரு பிள்ளை வந்து, "சேர், இது பழுதாப் போச்சு. ஒருக்கா ஆடின மாதிரி மற்றமுறை ஆடுதில்லை" என்றான். ஒரு பழுதும் இல்லை. பட்டி ஆடவேண்டிய விதமாகவே ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை இன்னொரு பிள்ளை, "சேர், கேயாஸ் வந்திட்டுது!" என்று துள்ளினாள். விதி தெரிந்தும் அசைவு திரும்பி வராமல் தானாகவே தாறுமாறாக ஓடுவதைத்தான் கேயாஸ் என்கிறோம். போய்ப் பார்த்தால் கிளாம்பின் நட்டு தளர்ந்து கிடந்தது.

இந்த இரண்டு தவறையும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால் அறிகுறி எது, எங்கே தேடுவது, எதை மாற்றிப் பார்ப்பது என்று எங்களுக்குக் கைகொடுத்த வழிகளை இங்கே எழுதி வைக்கிறேன். கருவி செய்து பார்ப்பவருக்கும், கணினியில் மட்டும் பார்ப்பவருக்கும் உதவும்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மரச் சட்டம். அதன் மேற்கட்டையில் கிளாம்பு போட்டு, 40 சென்ரிமீற்றர் நீளமும் அரை மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள உருக்குப் பட்டி ஒன்றைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டிருக்கிறோம். சரக்குப் பெட்டிகளை இறுக்கிக் கட்டிவருகிற அதே பட்டிதான். நுனியில் 20 கிராம் அளவில் சின்னப் பாரம். நுனிக்குக் கீழே இடமும் வலமுமாக இரண்டு வட்டக் காந்தங்கள், பழுதான ஸ்பீக்கர்களில் இருந்து கழற்றியவை. பட்டி நடுவில் நிற்காது. இடப்பக்கக் காந்தத்துக்கோ வலப்பக்கக் காந்தத்துக்கோ சாய்ந்துதான் ஓயும். சட்டம் முழுவதும் சில்லுகளில் நிற்கிறது. வாகன வைப்பர் மோட்டர் ஒன்று கிராங் வழியாக அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கிராங்கில் மையத்தில் இருந்து 5, 8, 11, 14 மில்லிமீற்றர் தள்ளித் துளைகள். எந்தத் துளையில் கம்பியை மாட்டுகிறோமோ அதுதான் தள்ளலின் வீச்சம். இந்த அமைப்பின் மூலவடிவம் பிரான்சிஸ் மூனும் பிலிப் ஹோம்ஸும் 1979 இல் வெளியிட்ட பரிசோதனை.

பாடப்புத்தகத்தில் வரும் வலிந்த அதிர்வுக்கும் இதற்கும் வித்தியாசம் மீள்விசையில்தான். அங்கே மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதம். இங்கே அந்த நேர்விகித உறுப்பு நடுவில் இருந்து வெளியே தள்ளுகிறது, அதோடு இடப்பெயர்ச்சியின் கனமும் (மூன்றாம் அடுக்கும்) சேர்ந்துகொள்கிறது. சமன்பாட்டைச் சொல்லில் எழுதினால் இப்படி வரும்: முடுக்கம் + தணிப்பு × வேகம் − இடப்பெயர்ச்சி + இடப்பெயர்ச்சியின் கனம் = விசை வீச்சம் × கோசைன்(கோண மீடிறன் × நேரம்). ஜெர்மன் பொறியியலாளர் கேயோர்க் டஃபிங் 1918 இல் எழுதிய நூலால் இந்த வகைச் சமன்பாட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கன உறுப்பு ஒன்றுதான் கீழே வரும் எல்லா வேடிக்கைக்கும் காரணம். எங்கே பிழை தேடினாலும் முதலில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

பட்டி ஒரு காந்தத்தை விட்டு அசைய மறுக்கிறது

மோட்டர் ஓடுகிறது, சட்டம் ஆடுகிறது, பட்டி மட்டும் ஒரு பக்கத்திலேயே நின்று மெல்லச் சிணுங்குகிறது. காந்தங்கள் நுனிக்கு மிகக் கிட்ட இருக்கின்றன, அல்லது தள்ளல் போதவில்லை. பட்டியைக் கையால் மெல்லத் தள்ளி நடுக்கோட்டைத் தாண்டவைத்துப் பாருங்கள். விரலுக்குக் கனமாகத் தெரிந்தால் காந்தங்களைக் கீழே இறக்க வேண்டும். நாங்கள் காந்தத்துக்கு அடியில் கடதாசி மட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றாக உருவ உருவ நுனிக்கும் காந்தத்துக்கும் இடைவெளி கூடும். இரண்டு ஓய்விடங்களும் நடுவில் இருந்து ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் 14 மில்லிமீற்றர் துளையும் செக்கனுக்கு ஒரு சுற்றும் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சட்டத்தையே ஆட்டுகிற கருவியில் பட்டி உணரும் விசை, வீச்சத்தை மட்டும் பொறுத்ததல்ல. மீடிறனின் வர்க்கத்தையும் பொறுத்தது. மோட்டரைச் செக்கனுக்கு 0.9 சுற்றில் இருந்து 1.2 சுற்றுக்குக் கூட்டினால், துளையை மாற்றாமலே விசை 1.78 மடங்காகிவிடும். "மீடிறனை மட்டும்தான் மாற்றினேன்" என்று கொப்பியில் எழுதியிருப்பார்கள். உண்மையில் இரண்டும் மாறியிருக்கும்.

நேற்றுப் பெரிதாக ஆடியது, இன்று அதே அளவில் சிறிதாக ஆடுகிறது

இது பழுதும் இல்லை, கேயாஸும் இல்லை. நேர்கோடற்ற (மீள்விசை வெறும் நேர்விகிதமாக வராத) அலையியில் ஒரே தள்ளலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலையான அசைவுகள் இருக்கலாம். எதில் போய் விழும் என்பதை நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள் என்பது தீர்மானிக்கிறது. மீடிறனை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனால் ஓரிடத்தில் வீச்சம் திடீரென்று பாயும். திரும்பக் குறைத்துக்கொண்டு வந்தால் அதே இடத்தில் பாயாது, வேறோர் இடத்தில் பாயும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் நேற்றைய அளவும் இன்றைய அளவும் இரண்டுமே சரி.

எனவே கொப்பியில் மீடிறனை மட்டும் எழுதாமல், கூட்டிக்கொண்டு வந்ததா குறைத்துக்கொண்டு வந்ததா என்பதையும், தொடங்கும்போது பட்டி எந்தப் பக்கம் ஓய்ந்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். கணினியில் பார்ப்பவர்கள் தணிப்பு 0.3, கோண மீடிறன் 1.2, விசை 0.2 என்று வைத்து, ஒருமுறை இடப்பெயர்ச்சி 1 இலும் இன்னொருமுறை −1 இலும் தொடங்குங்கள். இரண்டு கிணறுகளில், அதாவது இரண்டு ஓய்விடங்களைச் சுற்றி, இரண்டு தனித்தனி அசைவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் கடிகாரம் போல ஒழுங்கு.

இதே தணிப்பிலும் மீடிறனிலும் விசை ஏறக்குறைய 0.25 ஐத் தாண்டினால் இன்னொரு சங்கதி தொடங்கும். எந்தத் தொடக்கம் எந்தக் கிணற்றுக்குப் போகும் என்ற எல்லைக்கோடு பாய்முடைவது போலப் பின்னிப்போகும். அப்போது கடைசியில் வரும் அசைவு முற்றிலும் ஒழுங்காக இருக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். பிள்ளைகள் இதையும் கேயாஸ் என்று எழுதிவிடுகிறார்கள். முடிவு எது என்பதில்தான் நிச்சயமின்மை, அசைவில் இல்லை. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

தாறுமாறாக ஆடுகிறது, ஆனால் நம்ப முடியவில்லை

இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். கேயாஸ் என்றால் விதி முழுவதும் தெரிந்தும், வெளியிலிருந்து எந்தக் குழப்பமும் கொடுக்காமலும், அசைவு தானாகவே ஒருபோதும் திரும்பி வராமல் ஓடுவது. தளர்ந்த நட்டும் தாறுமாறாக ஆட்டும். காற்றும் ஆட்டும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

முதற் பரிசோதனை, காந்தங்களை எடுத்துவிடுவது. மோட்டர், கிராங், துளை, கிளாம்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும். காந்தம் இல்லாத பட்டி சின்ன வீச்சத்துக்கு ஏறக்குறைய நேர்கோட்டு அலையிதான். தொடக்கத் தடுமாற்றம் அடங்கிய பிறகு அது மோட்டரின் மீடிறனில், ஒரே வீச்சத்தில் ஆடியே ஆக வேண்டும். அப்போதும் தாறுமாறாக ஆடினால், நீங்கள் பார்த்தது கேயாஸ் அல்ல. கருவியில் ஏதோ ஓட்டை இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு பிற்பகல் முழுவதையும் மிச்சப்படுத்தும்.

ஓட்டை இருந்தால் தேடவேண்டிய இடங்கள் எங்கள் அனுபவத்தில் இவைதான். கிளாம்பு: மோட்டரை நிறுத்திவிட்டு, பட்டியின் வேரில் விரல் வைத்து, மற்றக் கையால் நுனியைத் தட்டுங்கள். வேரில் "டிக்" என்று சின்ன அதிர்வு பட்டால் நட்டு தளர்வு. மரம் கோடையில் காய்ந்து சுருங்கும், அதனால் பங்குனி, சித்திரையில் ஒவ்வொரு முறையும் இறுக்க வேண்டும். கிராங்: கம்பியின் துளை தேய்ந்து அகன்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிறு வெற்றோட்டம் வரும். துளைக்குள் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றிப் போட்டால் சரி. காற்று: வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கிற மாதங்களில் யன்னலைச் சாத்தத்தான் வேண்டும். மின்விசிறியையும் நிறுத்துங்கள். வியர்க்கும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், ஆனால் அரை மில்லிமீற்றர்ப் பட்டிக்கு அந்தக் காற்று பெரிய தள்ளல்.

மோட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டி நடுவைத் தாண்டிப் பாயும்போது சட்டத்தைத் திருப்பி உதைக்கும், மோட்டர் ஒரு கணம் இளைக்கும். அப்படியானால் வெளித்தள்ளல் என்று நாம் நினைப்பது உண்மையில் வெளியே இல்லை, பட்டியும் அதை மாற்றிக்கொண்டிருக்கிறது. கிராங் அச்சில் ஒரு கனமான சில்லை மாட்டுங்கள். நாங்கள் பழைய சைக்கிளின் பற்சில்லில் ஈயத்துண்டுகளைக் கட்டியிருக்கிறோம். மின்சாரம் ஏறி இறங்கும் நேரங்களில் சார்ஜரில் இருந்து ஓட்டாதீர்கள். உழவு இயந்திரப் பற்றரி ஒன்று, முழுதாக ஏற்றியது, அந்தப் பிற்பகலுக்குப் போதும்.

காந்தம் இல்லாமல் ஒழுங்காக ஆடி, காந்தம் வைத்ததும் தாறுமாறாக ஆடினால், இரண்டாம் பரிசோதனைக்குப் போகலாம். கிராங் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்துக்கு வரும் கணத்தில் மட்டும் பட்டியைப் பாருங்கள். இடையில் என்ன நடந்தாலும் பார்க்க வேண்டாம். அந்தக் கணத்தில் நுனி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம் என்று ஒரு புள்ளி வையுங்கள். புவாங்கரே வெட்டு என்பது இதுதான். அசைவு மோட்டரோடு ஒத்து ஆடினால் எல்லாப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திரும்பி வந்தால் இரண்டு புள்ளி. வெறும் இரைச்சல் என்றால் உருவமில்லாத மேகம். கேயாஸ் என்றால் மடிப்பு மடிப்பாக, சவ்வை இழுத்து மடித்து மறுபடி இழுத்தது போல, வரிகளுக்குள் வரிகளாக ஓர் உருவம் எழும்பும். அந்த மடிப்புகள்தான் அடையாளம். தளர்ந்த நட்டு சாதாரணமாக அப்படி ஓர் உருவத்தைக் கீறித் தராது.

எத்தனை புள்ளி வேண்டும்? 50 புள்ளியில் எல்லாமே மேகம்தான். 500 க்கு மேலே போனால்தான் மடிப்பு தெரியத் தொடங்கும். செக்கனுக்கு ஒரு சுற்று என்றால் எட்டு ஒன்பது நிமிடம். பொறுமை இல்லாதவர்கள் ஒரு சுற்றின் இடத்தைக் கிடையாகவும் அடுத்த சுற்றின் இடத்தை நிலைக்குத்தாகவும் வைத்து வரைந்து பார்க்கலாம். குறைந்த புள்ளிகளிலேயே ஓர் ஒழுங்கு இருக்கிறதா இல்லையா என்று அது காட்டிவிடும்.

புள்ளி வைத்தாயிற்று, ஆனால் எல்லாம் இழுபட்டு மங்கலாக இருக்கிறது

போனில் வீடியோ எடுத்து, 30 படத்துக்கு ஒன்று என்று எடுத்துப் புள்ளி வைத்திருப்பீர்கள். போன் கமரா செக்கனுக்குச் சரியாக 30 படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் தானாகவே மெதுவாகும், பிறகு கூடும். மோட்டரும் சரியாகச் செக்கனுக்கு ஒன்று சுற்றுவதில்லை. இரண்டு பிழையும் சேர்ந்து கட்டம் நழுவிக்கொண்டே போகும்.

எங்களுக்கு விடை கிடைத்தது ஒரு சின்ன எல்ஈடியில். கிராங் சில்லின் ஓரத்தில் ஒரு பொட்டுக் காந்தம், சட்டத்தில் காந்தம் கிட்ட வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு ரீட் சுவிச், அதோடு தொடுத்த சிவப்பு எல்ஈடி பட்டியின் நுனிக்குப் பக்கத்தில், கமராவின் சட்டகத்துக்குள். சுற்றுக்கு ஒருமுறை அது கண் சிமிட்டும். மெதுவோட்ட வீடியோவில் எடுத்துவிட்டு, எல்ஈடி புதிதாக எரியத் தொடங்கும் படங்களை மட்டும் பொறுக்குங்கள். கமராவின் கடிகாரத்தை நம்பவே வேண்டாம், கிராங்கே மணி அடிக்கிறது. இதைச் செய்த பிற்பகலில், அதுவரை சாம்பல் அப்பியது போலிருந்த படத்தில் முதன்முதலாக இரண்டு மடிப்புகள் பிரிந்து தெரிந்தன. அறையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை எழும்பி யன்னலைத் திறந்துவிட்டு வந்து இன்னொருமுறை பார்த்தாள்.

கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, பிறகு ஒழுங்காகிவிட்டது

இடைக்கால அசைவு. பட்டியை ஒரு கிணற்றுக்குள் மட்டும் ஆடும்படி மெல்ல விடுவித்து, வீச்சம் பாதியாக எத்தனை அலைவு எடுக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து முதல் பத்துக்குள் இருந்தால் நல்லது. பத்து என்றால், தொடக்கத்தின் நினைவு ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய நூறு அலைவு எடுக்கும். அதற்குமுன் எடுத்த புள்ளிகளை வீசிவிடுங்கள். ஐம்பது அறுபது அலைவுக்கும் பாதியாகவில்லை என்றால் தணிப்பு போதாது. நுனிப் பாரத்தை அலுமினியத் துண்டாக மாற்றினால், காந்தங்களுக்கு மேலாக ஓடும்போது அதில் சுழிப்போட்டம் (உலோகத்துக்குள் சுழலும் மின்னோட்டம்) உண்டாகி அசைவை அடக்கும்.

நூறு அலைவும் தாண்டி, ஐந்து நிமிடம் குழம்பி, பிறகு திடீரென்று ஒழுங்காகிற சந்தர்ப்பமும் உண்டு. கேயாஸ் அங்கே குடியிருக்கவில்லை, வந்து தங்கிப் போயிற்று. அதுவும் உண்மையான நிகழ்வுதான். அதை விட்டுவிடாமல், எவ்வளவு நேரம் தங்கியது என்று எழுதுங்கள். ஆனால் பற்றரி இறங்கி மோட்டர் மெதுவானதாலும் இப்படி நடக்கும், எனவே மல்ரிமீற்றரை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

டயோட் சுற்றில் இரட்டிப்பே வரவில்லை

பட்டி செய்ய வசதியில்லாதவர்கள் ஒரு தூண்டிச் சுருள், ஒரு டயோட், ஒரு தடையி மூன்றையும் தொடராக இணைத்து, சைன் அலை பிறப்பாக்கியால் ஓட்டுகிறார்கள். 10 மில்லிஹென்றிச் சுருளும் 1என்4007 டயோடும் போதும். மீடிறன் நூறு, சில நூறு கிலோஹேட்ஸ் அளவில் இருக்கும். சுருளும் டயோடும் பரிவு கொள்ளும் இடத்தை முதலில் தேடிப் பிடித்து, பிறகு வோல்ற்றளவை மெல்லக் கூட்டுங்கள். ஒரே உயரமாக வந்த முகடுகள் ஒரு கட்டத்தில் உயரம், குட்டை, உயரம், குட்டை என்று பிரியும். இதுதான் இரட்டிப்பு. பிறகு நான்காகும். பிறகு குழம்பும்.

பிரியவே இல்லையென்றால் டயோடைப் பாருங்கள். கடைக்காரர் 1என்4148 ஐத் தந்திருப்பார். அது மிக வேகமாக மூடிக்கொள்ளும் டயோட். நமக்கு வேண்டியது மெதுவாக மூடுகிற, விலைகுறைந்த மின்வழங்கி டயோட். முன்திசையில் ஓடிய ஏற்றம் டயோடுக்குள் கொஞ்ச நேரம் தங்கிநிற்பதால்தான் ஓர் அலைவு தனக்கு முந்தின அலைவை ஞாபகம் வைத்திருக்கிறது.

டயோடும் சரியென்றால் அலைவுகாட்டியின் புரோபை, அதாவது அளக்கும் முனையைப் பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 1என்4007 இன் சொந்தக் கொள்ளளவமே சில பத்துப் பிக்கோபரட்தான். பெருக்காத நிலையில் இருக்கும் புரோப் நூறு பிக்கோபரட் அளவை அதற்குச் சமாந்தரமாகச் சேர்த்துவிடும். அளக்கப் போன கருவியே சுற்றைப் பெரும்பகுதி பிடித்துக்கொள்கிறது. டயோடின் குறுக்கே அளக்காதீர்கள். தடையியை நிலத்தொடுப்புப் பக்கம் வைத்து அதன் குறுக்கே அளவுங்கள், புரோபைப் பத்துமடங்கு நிலைக்கு மாற்றுங்கள். திரையில் அலை ஓடிக்கொண்டே இருந்தால் அதுவும் கேயாஸ் அல்ல. அலைவுகாட்டி எப்போது கீறத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் தூண்டலை (ட்ரிகர்) பிறப்பாக்கியில் இருந்து வெளிவழியாக எடுங்கள், அலை நிற்கும். கோடுகள் தடித்துப் புகைபோல இருந்தால் மின்வழங்கியின் 50 ஹேட்ஸ் ஏறியிருக்கிறது, அல்லது சூரியகல இன்வேட்டரின் இரைச்சல். பற்றரிக்கு மாறுங்கள்.

இங்கேயும் காந்தத்தை எடுப்பதற்கு ஈடான சோதனை இருக்கிறது. டயோடைக் கழற்றி, அந்த இடத்தில் 47 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்றைப் போடுங்கள். இப்போது சுற்று நேர்கோட்டுச் சுற்று. முகடுகள் இன்னமும் பிரிந்து தெரிந்தால் பிரச்சினை வயரிங்கில்.

நூறு கிலோஹேட்ஸ் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இருந்த கே. முரளியும் மு. லட்சுமணனும், லியோன் சுவாவும் சேர்ந்து 1994 இல் ஒரு சுற்றை வெளியிட்டார்கள். 18 மில்லிஹென்றிச் சுருள், 10 நானோபரட் கொள்ளளவி, ஒரு தடையி, செயற்படு விரியலாக்கிகளால் கட்டிய ஒரு நேர்கோடற்ற கூறு. 10 நானோபரட்டுக்குப் பக்கத்தில் புரோபின் நூறு பிக்கோபரட் ஒரு பொருட்டே இல்லை. மீடிறனும் காதுக்கு எட்டும் எல்லைக்குள் வரும். சின்ன விரியலாக்கி வழியாக ஸ்பீக்கரில் கொடுத்தால், இரட்டிப்பு வரும் கணத்தில் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஒலி சேர்வதைக் கேட்கலாம். தமிழ் பேசும் ஒரு பட்டணத்தில் இருந்து உலகப் பாடநூல்களுக்குப் போன சுற்று என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிரும்.

கணினியில் ஒரு புள்ளி வரவேண்டிய இடத்தில் மூடிய வளைவு வருகிறது

இதில் எங்கள் பொறியியல் பிள்ளை ஒருவர் இரண்டு நாள் மாட்டிக்கொண்டார். விசை 0.2 இல் ஒழுங்கான அசைவு, ஒரே புள்ளி வர வேண்டும். அவருக்கு அழகான முட்டை வடிவ வளைவு வந்தது. இரண்டு மீடிறன்கள் கலந்த அசைவு என்று விளக்கமும் எழுதிவிட்டார்.

நிரல் ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரப் படியளவைப் பார்த்தோம்: 0.01. கோண மீடிறன் 1.2 க்கு ஒரு சுற்று 5.23599. அதில் 0.01 சரியாக அடங்காது. அவர் 524 படிக்கு ஒருமுறை புள்ளி எடுத்தார், அதாவது 5.24. ஒவ்வொரு சுற்றிலும் 0.004 நழுவுகிறது. ஆயிரம் சுற்றில் 4 அலகு, கிட்டத்தட்ட முக்கால் சுற்று. 1,305 சுற்றில் புள்ளி ஒரு முழு வட்டம் அடித்து வந்துவிடும். முட்டை வந்தது அதனால்தான். படியளவை 0.01 என்று வைக்காமல், ஒரு சுற்றை 500 ஆல் வகுத்து வந்ததை வைத்தார். முட்டை ஒரே புள்ளியாகச் சுருங்கியது.

கணினியில் ஒழுங்கு வரவேண்டிய இடத்தில் குழப்பம் வருகிறது

சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்க ஒய்லரின் எளிய முறையைப் பாவித்திருப்பீர்கள். அது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சக்தியைச் சும்மா ஊற்றும். இந்தச் சமன்பாட்டில் கிணற்றடியில் நடக்கும் சிறு அசைவுக்குப் படியளவு 0.05 என்றால், நீங்கள் 0.3 என்று எழுதிய தணிப்பு உண்மையில் 0.2 போலத்தான் வேலை செய்யும். நீங்கள் தீர்த்தது வேறு சமன்பாடு. இன்னும் துல்லியமான நான்காம் படி ருங்கே-குட்டா முறைக்கு மாறுங்கள்.

எண்கள் முடிவிலிக்கு ஓடினால் கன உறுப்பின் குறியைப் பாருங்கள்.

காந்தத்தை எடுக்கும் சோதனை நிரலிலும் உண்டு. கன உறுப்பைப் பூச்சியமாக்கி, இடப்பெயர்ச்சி உறுப்பின் குறியை நேராக்குங்கள். விசை 0.2, தணிப்பு 0.3, மீடிறன் 1.2. பாடப்புத்தகச் சூத்திரப்படி வீச்சம் 0.352. உங்கள் நிரல் அதைத் தரவில்லையென்றால் மற்ற எதையும் நம்ப வேண்டாம். தந்தால், உறுப்புகளைத் திரும்பப் போட்டு விசையை ஏற்றுங்கள். 0.28 இல் இரண்டு புள்ளி, 0.29 இல் நான்கு, 0.37 இல் ஐந்து, 0.50 இல் கேயாஸ், 0.65 இல் மறுபடி இரண்டு. இந்த வரிசை வந்தால் நிரல் நல்லது. அடுத்தடுத்த இரட்டிப்புகளின் இடைவெளி விகிதம் இயற்பியலாளர் பைகன்பாம் கண்ட 4.669 என்ற மாறிலியை நெருங்க வேண்டுமே என்று பட்டியில் தேடாதீர்கள். பட்டியில் இரண்டு இரட்டிப்புப் பிடித்தாலே பெரிய காரியம்.

இரண்டு கணினியில் இரண்டு விடை

விசை 0.50. ஒரே நிரல், ஒரே தொடக்கம். என் மடிகணினியிலும் பிள்ளையின் மடிகணினியிலும் 40 சுற்றுவரை ஒன்றாகப் போன கோடுகள் அதற்குப் பிறகு பிரிந்துபோயின. "எது சேர் சரி?"

1961 நவம்பர் 27 இல், கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் மாணவராக இருந்த யோஷிசுகே உவேடா, அனலொக் கணினியில் வலிந்த அலையி ஒன்றை ஓட்டியபோது, உடைந்த முட்டைபோல ஓர் உருவம் வந்தது. முதலில் கணினிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தார். அவருடைய பேராசிரியரும் அதை ஏறத்தாழ ஆவர்த்தனமான ஓர் அசைவாகவே எடுத்துக்கொண்டார். உவேடா அந்தத் தாள்களை வீசவில்லை. எங்கள் பிள்ளைகளும் பிரிந்த கோடுகளை அழிக்கக்கூடாது என்பது என் விருப்பம்.

கணினி எண்களை ஏறக்குறைய 16 இலக்கங்களில் வைத்திருக்கும். கடைசி இலக்கத்தில் வரும் வட்டமாக்கல் வித்தியாசம் கேயாஸில் அடுக்கேற்றமாகப் பெருகும். பெருகும் வேகத்தை லியப்புனோவ் அடுக்கு என்பார்கள். அதை 0.15 என்று வைத்துக்கொண்டால், 16 ஆம் இலக்கத்தில் தொடங்கிய வித்தியாசம் முழு அளவுக்கு வளர ஏறக்குறைய 245 நேர அலகு, அதாவது 47 சுற்று. எனவே 40 ஐ ஒட்டிப் பிரிந்தால் இரண்டு மடிகணினியும் நன்றாக வேலை செய்கின்றன. 20 சுற்றை ஒட்டியோ அதற்கு முன்போ பிரிந்தால் பிழை தேடுங்கள்: ஒன்று ஒற்றைத் துல்லியத்தில் ஓடுகிறதா, படியளவு ஒன்றுதானா, தொடக்க எண் 0.1 ஆ 0.10001 ஆ.

பிரிந்த பிறகு ஒப்பிட வேண்டியது கோடுகளை அல்ல. இரண்டு கணினியிலும் 5,000 புள்ளி எடுத்து, இரண்டு புவாங்கரே வெட்டுகளையும் மெல்லிய தாளில் அச்சிட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். மடிப்பு மடிப்போடு பொருந்த வேண்டும். எங்கள் இரண்டு தாளும் பொருந்தின. அவற்றை அறைச் சுவரில், பட்டியின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இப்போது யாராவது வந்து "சேர், பழுதாப் போச்சு" என்றால், காந்தத்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாயா என்று அந்தப் பிள்ளைகளே கேட்கிறார்கள்.